பசையில் பிறந்த பயன்: வேதியியலறிஞர் கிப்பிங்கின் வாழ்க்கை

சங்ககிரி மலைக்கோட்டையின் படிகளில் ஏறுகின்ற எவரும் தம் காலடியிலுள்ள கல்லை எண்ணிப் பார்ப்பதில்லை. 1805ஆம் ஆண்டு இங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் வீரத்தை எண்ணிக்கொண்டே ஏறுகிறோம், அது தகும். ஆயினும் வேதியியல் பயிலும் மாணவர் ஒரு கணம் நின்று அக்கல்லையும் நோக்குதல் நன்று. அக்கல்லிலும், காவிரி மணலிலும், நம் கழனியின் செம்மண்ணிலும் நிறைந்திருப்பது சிலிக்கன் என்னும் தனிமம். புவியின் மேலோட்டை 100 பங்காக எடைபோட்டால் ஏறத்தாழ 28 பங்கு சிலிக்கனே. ஆக்சிஜனுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

தனிம வரிசை அட்டவணையில் சிலிக்கனுக்கு நேர் மேலே அமர்ந்திருப்பது கார்பன். இரண்டிற்கும் நான்கு கைகள். கல்லில் மிகுந்திருப்பது சிலிக்கன். உயிரில் நிறைந்திருப்பது கார்பன். நெல்லும் பருத்தியும் நம் உடலும் கார்பன் கட்டிய மாளிகைகள். அப்படியாயின் கார்பன் செய்யும் வேலையைச் சிலிக்கன் செய்யாதா? கார்பனைப் போலவே சிலிக்கனைக் கொண்டும் ஒரு பெரும் வேதியியலைக் கட்டிவிட முடியாதா?

இக்கேள்விக்கு விடை காண 45 ஆண்டுகள் உழைத்தவர் ஒருவர் உண்டு. விடை கண்டார், முடியாது என்பதே அவர் கண்ட விடை. தாம் தேடியது கிடைக்கவில்லை என்று அவரே உலகறியச் சொன்னார். ஆனால் அவர் வேண்டாமென ஒதுக்கிய பிசுபிசுப்பான பசையிலிருந்து, அவர் கனவிலும் காணாத ஒரு தொழில் உலகம் பிறந்தது. அவர்தான் பிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங். கரிமச் சிலிக்கன் வேதியியலின் தந்தை என்று போற்றப்படும் அப்பெருந்தகையின் வாழ்வை நம் மாணவ நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் நெசவுத் தலைநகராய் விளங்கிய மான்செஸ்டர் நகரை ஒட்டிய ஹையர் பிராட்டன் என்னுமிடத்தில் 1863ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கிப்பிங் பிறந்தார். தந்தை இங்கிலாந்து வங்கியின் மான்செஸ்டர் கிளையில் அலுவலர். தாயார் சார்லஸ் ஆலன் டுவால் என்ற ஓவியரின் மகள். ஒருபுறம் கணக்கின் ஒழுங்கும் மறுபுறம் கலையின் நயமும் கூடிய குடும்பம் அது.

அவர் பிறந்த அதே 1863ஆம் ஆண்டில்தான் பிரான்சு நாட்டில் பிரீடல், கிராப்ட்ஸ் என்னும் இருவர் கார்பனோடு சிலிக்கன் நேரடியாகப் பிணைந்த சேர்மத்தை முதன்முதலாகத் தயாரித்தனர். பிரீடல்-கிராப்ட்ஸ் வினை என்று நாம் பாடத்தில் படிக்கின்றோமே, அவ்விருவரே இவர்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கும் அக்கண்டுபிடிப்புக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டும் ஓராண்டில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்தன எனலாம்.

மான்செஸ்டர் கிராமர் பள்ளியிலும், பிரான்சின் கேன் நகரப் பள்ளியிலும் பயின்ற கிப்பிங், 1879ஆம் ஆண்டு மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1882இல் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றதும் அவர் உடனே பேராசிரியராகிவிடவில்லை. மான்செஸ்டர் நகராட்சியின் எரிவாயுத் துறையில் வேதியியலராக வேலை பார்த்தார். நிலக்கரியிலிருந்து வாயு எடுத்துத் தெருவிளக்கு எரித்த காலம் அது. பட்டம் பெற்றவுடன் கிடைத்த வேலையில் அமர்வது நம் ஊர் இளைஞர்க்கு மட்டும் உரிய நிலையன்று என்பதை இதனால் உணரலாம்.

ஆனால் அவர் உள்ளம் அங்கே நிலைக்கவில்லை. 1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற பேயரின் ஆய்வகத்தில், வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற இளம் ஆங்கிலேய அறிஞரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். இப்பெர்க்கின், முதல் செயற்கைச் சாயமான மாவ் கண்டுபிடித்த பெர்க்கினின் மூத்த மகன். அவருக்கும் கிப்பிங்கிற்கும் மூன்று ஆண்டு இடைவெளியே. ஆசிரியரும் மாணவருமாய்த் தொடங்கிய உறவு வாழ்நாள் நட்பாக மலர்ந்தது. 1887ஆம் ஆண்டு கிப்பிங் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார். எடின்பரோ நகரின் ஹெரியட்-வாட் கல்லூரியில் பெர்க்கின் பேராசிரியரானபோது, கிப்பிங்கும் அங்கே செயல்முறை விளக்குநராகப் பணியாற்றினார்.

மூன்று சகலைகளும் ஒரு நூலும்

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமற் செல்ல இயலாது. பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில் ஹாலண்டு என்பார்க்குப் பெண்மக்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவரைப் பெர்க்கின் மணந்தார். இன்னொருவரான லில்லியை 1888ஆம் ஆண்டு கிப்பிங் மணந்தார். பின்னர் மூன்றாமவரை ஆர்தர் லாப்வொர்த் மணந்தார். சயனோஹைட்ரின் வினையின் வழிமுறையை விளக்கிய அதே லாப்வொர்த்தான். ஒரு வீட்டு மருமக்கள் மூவரும் வேதியியல் மேதைகள். மூவரும் அரசக் கழக உறுப்பினர்கள். நம் ஊர் வழக்கிற் சொன்னால் மூவரும் சகலைகள். அவ்வீட்டு விருந்துகளில் பேச்சு எதைப் பற்றி இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்!

1890ஆம் ஆண்டு கிப்பிங் இலண்டன் மத்தியத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு மாறினார். அங்கே ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பேராசிரியரின் கீழ்ப் பணியாற்றினார். வில்லியம் ஜாக்சன் போப் என்ற இளைஞர் அவருடன் சேர்ந்து கற்பூரத்தின் வழிச்சேர்மங்களை ஆராய்ந்தார். வலப்புறமும் இடப்புறமுமாக ஒளியின் தளத்தைச் சுழற்றும் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் கலையில் கிப்பிங் கைதேர்ந்தது இக்காலத்தில்தான். பின்னாளில் அவர் சிலிக்கனை நாடிச் சென்றதற்கு இக்கலையே வழிகாட்டிற்று.

1894ஆம் ஆண்டு பெர்க்கினும் கிப்பிங்கும் சேர்ந்து கரிம வேதியியல் பாடநூல் ஒன்றை வெளியிட்டனர். பெர்க்கின்-கிப்பிங் என்ற இரட்டைப் பெயராலேயே அந்நூல் உலகெங்கும் வழங்கிற்று. பலமுறை திருத்தப்பெற்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாணவர் கைகளில் தவழ்ந்தது. பின்வந்த பதிப்புகளைத் திருத்துவதில் கிப்பிங்கின் மகன் பிரெடரிக் பாரி கிப்பிங்கும் பங்கு கொண்டார். தந்தை தொடங்கியதை மகன் செப்பனிடும் பேறு எல்லா நூல்களுக்கும் வாய்ப்பதன்று.

நாட்டிங்காமில் ஒரு தவம்

1897ஆம் ஆண்டு கிப்பிங்கின் வாழ்வில் இரு நன்மைகள் ஒருசேர வந்தன. அரசக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. நாட்டிங்காம் பல்கலைக் கல்லூரி அவரை வேதியியல் பேராசிரியராக அழைத்தது. அன்றைய நாட்டிங்காம் ஆக்ஸ்போர்டும் அன்று, கேம்பிரிட்ஜும் அன்று. தாமாகப் பட்டம் வழங்கும் உரிமைகூட அற்ற ஒரு மாநிலக் கல்லூரி. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வையே எழுதினர். 1948ஆம் ஆண்டில்தான் அது முழுப் பல்கலைக்கழகம் ஆயிற்று. பெரிய இடத்தில் இருந்தால்தான் பெரிய செயல் செய்யலாம் என்று எண்ணுவோர்க்கு இஃதொரு நல்ல மறுமொழி. அச்சிறு கல்லூரியில் 1936ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வரை, 39 ஆண்டுகள், கிப்பிங் பணியாற்றினார்.

அங்கே அவர் தொடங்கிய ஆராய்ச்சியே சிலிக்கன் ஆராய்ச்சி. 1899ஆம் ஆண்டு முதற் கட்டுரை வெளிவந்தது. 1944ஆம் ஆண்டு வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள், ஒரே பொருளைப் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாய் வந்துகொண்டே இருந்தன.

அவருடைய முதல் நோக்கம் யாது? கார்பன் அணு ஒன்றுடன் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், அச்சேர்மம் கண்ணாடியில் தெரியும் உருவம்போல வலம், இடம் என இரு வடிவங்கொள்ளும் என்பதை நாம் அறிவோம். கார்பனின் நான்கு கைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்பதே இதன் காரணம். சிலிக்கனுக்கும் அதே அமைப்புத்தானா? நான்கு வெவ்வேறு தொகுதிகளைச் சிலிக்கனோடு இணைத்து, கிடைக்கும் சேர்மத்தை வலமும் இடமுமாகப் பிரித்துவிட்டால் வினா தீர்ந்தது.

சொல்வது எளிது; செய்வது அரிது. சிலிக்கன் டெட்ராகுளோரைடு என்ற நீர்மமே தொடக்கப் பொருள். ஈரக்காற்றுப் பட்டால் போதும், அது ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைக் கக்கும். அதன் நான்கு குளோரின்களையும் ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில், வேண்டிய தொகுதியால் மாற்ற வேண்டும். தொடக்கத்தில் கிடைத்த வழிகள் கரடுமுரடானவை. 1900ஆம் ஆண்டு பிரான்சில் விக்டர் கிரிக்னார்டு தம் பெயரால் வழங்கும் மக்னீசிய வினைபொருளைக் கண்டுபிடித்தார். அதனைச் சிலிக்கன் வேதியியலில் புகுத்தலாம் என்று கண்டுகொண்டவர்களுள் கிப்பிங் முதல்வரிசையில் நிற்கிறார். 1904ஆம் ஆண்டு அவரும், ஜெர்மனியில் டில்தே என்பாரும், ஒருவரையொருவர் சாராமல் இம்முறையைக் கையாண்டனர். அன்றுமுதல் வாயில் திறந்தது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் சிலிக்கனை மையமாகக் கொண்டு ஒளியின் தளத்தைச் சுழற்றும் சேர்மத்தைக் கிப்பிங் பிரித்தெடுத்துக் காட்டினார். சிலிக்கனும் நான்முகியே என்பது உறுதியாயிற்று. 1909இல் இலாங்ஸ்டாப் பதக்கமும் 1918இல் டேவி பதக்கமும் அவரைத் தேடி வந்தன.

சிலிக்கோன் என்னும் பெயர்

இனி நாம் பசைக்கு வருவோம். கார்பன் வேதியியலில் கீட்டோன் என்றொரு குடும்பம் உண்டு. இரு பென்சீன் வளையங்களுக்கு நடுவே ஒரு கார்பன், அதனோடு இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜன், இதுவே பென்சோபீனோன். 48 பாகையில் உருகும் அழகிய படிகம். அக்கார்பனை எடுத்துவிட்டு அங்கே சிலிக்கனை வைத்தால் என்ன கிடைக்கும்? கிப்பிங் அதற்குரிய சேர்மத்தைத் தயாரித்தார். பகுப்பாய்வு செய்ததில் அணுக்களின் விகிதம் சரியாகவே இருந்தது. கீட்டோனைப் போன்றது என்ற பொருளில் அதற்குச் சிலிக்கோன் என்று பெயர் சூட்டினார். சிலிக்கன் என்பது தனிமம். சிலிக்கோன் என்பது சேர்மம். இன்றும் பலர் மயங்கும் இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் கொள்க.

பெயர் பொருந்திற்று; பொருள் பொருந்தவில்லை. பென்சோபீனோன் போல அது எளிதில் படிகமாகவில்லை. வாலையில் வடித்தால் ஒழுங்காக வடியவில்லை. எண்ணெயாயும், கோந்தாயும், கண்ணாடிக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் பசையாயும் நின்றது. கிப்பிங் விரைவிலேயே காரணத்தை உணர்ந்தார். சிலிக்கன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்க விரும்புவதில்லை. கார்பனுக்கு ஆக்சிஜனோடு ஓர் இரட்டைப் பிணைப்பே இரண்டு ஒற்றைப் பிணைப்புகளைக் காட்டிலும் ஆதாயம். சிலிக்கனுக்கோ இரண்டு ஒற்றைப் பிணைப்புகளே பெருத்த ஆதாயம். ஆகவே அது தனித்து நில்லாமல், சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன், ஆக்சிஜன் என்று மாறிமாறிக் கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடுகிறது. அச்சங்கிலியே அப்பசை.

படிகத்தையும் உருகுநிலையையும் தெய்வமாகக் கொண்டிருந்த அந்நாளைய கரிம வேதியியலுக்குப் பசை என்பது தோல்வியின் அடையாளம். கிப்பிங்கும் அவ்வாறே கருதினார். ஆயினும் அவர் அப்பசையைக் கழுவிக் கொட்டிவிட்டு வாளாவிருக்கவில்லை. எந்தச் சேர்மத்தை எந்த அளவு நீரோடு சேர்த்தால் எத்தகைய பசை கிடைத்தது, எதில் கரைந்தது, எவ்வளவு வெப்பத்தைத் தாங்கிற்று என்பவற்றையெல்லாம் குறித்துவைத்தார், வெளியிட்டார். இச்செய்தியை மறவாதிருங்கள்.

தோல்வியை ஒப்பிய பேருரை

1928ஆம் ஆண்டு நாட்டிங்காம் கல்லூரி புதிய வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. மருந்து வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜெஸ்ஸி பூட் என்ற கொடையாளரின் பெயரால் அமைந்த வேதியியல் இருக்கையில் முதற் பேராசிரியராகக் கிப்பிங் அமர்ந்தார்.

1936ஆம் ஆண்டு ஓய்வு பெறும் வேளையில், அரசக் கழகத்தின் பேக்கரியன் பேருரையை ஆற்றும் பெருமை அவருக்குக் கிட்டிற்று. 73 வயது முதியவர். 37 ஆண்டு உழைப்பின் கணக்கைச் சபைமுன் வைக்க வேண்டிய நாள். வேறொருவராயின் தம் சாதனைகளைப் பட்டியலிட்டிருப்பார். கிப்பிங்கோ, கார்பனைப் போலச் சிலிக்கன் விரிந்த குடும்பமாகப் பெருகவில்லை என்பதை எடுத்துரைத்தார். அறியப்பட்ட கரிமச் சிலிக்கன் சேர்மங்கள் சிலவே என்றும், அவையும் அதிக வினைகளில் ஈடுபடுவதில்லை என்றும், இத்துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் எதுவும் வரும் என்ற நம்பிக்கை தமக்கு இல்லை என்றும் கூறி முடித்தார்.

அவர் கூற்று ஒருவகையில் மெய்யே. சிலிக்கனுக்கு இடையிலும், சிலிக்கனுக்கும் கார்பனுக்கும் இடையிலும் நிலைத்த இரட்டைப் பிணைப்பைக் காண உலகம் 1981ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் முன்னேற்றம் வராது என்ற கணிப்பு மட்டும் பிழைத்துப் போயிற்று; அதுவும் நான்கே ஆண்டுகளில்!

பசை பெற்ற வாழ்வு

அதே காலத்தில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஹைடு என்ற வேதியியலர் வேறொரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். கண்ணாடி இழையால் நெய்த நாடாவை மின்மோட்டார்களின் காப்புறையாக்க வேண்டும். கண்ணாடி வெப்பத்தைத் தாங்கும். அதனை ஒட்டும் பிசின் தாங்குவதில்லை. கண்ணாடியின் உறுதியும் பிசினின் நெகிழ்வும் ஒருங்கே கொண்ட ஒரு பொருள் வேண்டும். அவர் கிப்பிங்கின் கட்டுரைகளை எடுத்துப் படித்தார். நாட்டிங்காமில் குடுவையடியில் ஒட்டிக் கிடந்த பசையே தாம் தேடிய பொருள் என்பதைக் கண்டுகொண்டார். 1940ஆம் ஆண்டு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் ரோக்கோ, சிலிக்கன் தூளைச் செம்புடன் சேர்த்துச் சூடாக்கி, அதன்மீது மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, வேண்டிய மூலப்பொருளை நேரடியாகப் பெறும் முறையைக் கண்டார். கிரிக்னார்டு வழியிலான செலவு குறைந்தது, ஆலைகள் எழுந்தன. 1943ஆம் ஆண்டு டௌ கார்னிங் என்ற நிறுவனம் தோன்றிற்று. உயரப் பறக்கும் போர் விமானங்களின் எரியூட்டு அமைப்பில் ஈரம் புகாமற் காத்தது சிலிக்கோன் பசையே.

கிப்பிங் ஓய்வுக்குப் பின் வேல்சு நாட்டின் கடற்கரை ஊரான கிரிக்கியத்தில் வாழ்ந்து, 1949ஆம் ஆண்டு தம் 85ஆம் வயதில் மறைந்தார். தாம் வெறுத்த பசை ஆலைகளில் பீப்பாய் பீப்பாயாக உருவாவதைக் கேட்டறியும் அளவுக்கு அவர் வாழ்ந்திருந்தார் என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

இன்று சங்ககிரியின் லாரிப் பட்டறையில், எஞ்சின் மூடியைப் பொருத்துமுன் மெக்கானிக் அனபாண்ட் என்று கேட்டு வாங்கிப் பூசுகின்ற பசையும் சிலிக்கோனே. எண்ணெய் கசியாமல், எஞ்சினின் கொதிப்பில் உருகாமல், இமயமலைக் குளிரிலும் விறைக்காமல் அது தாங்கி நிற்கிறது. நம் ஊர் லாரி காசுமீரம் வரை சென்று திரும்புவதில் நாட்டிங்காம் பேராசிரியர்க்கும் ஒரு பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

நம் மாவட்டத்திற்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. 1980களில் மேட்டூரில் மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான முறையைக் கொண்டு மின்னணுவியலுக்குரிய தூய சிலிக்கனைத் தயாரித்தது. சிலிக்கனை ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைப்படுத்தி டிரைகுளோரோசிலேன் ஆக்கி, அதனை வாலையில் வடித்துத் தூய்மை செய்து, மீண்டும் சிலிக்கனாக்குவதே அம்முறை. கிப்பிங்கைப் புகையால் வாட்டிய சிலிக்கன் டெட்ராகுளோரைடுக்கு இந்த டிரைகுளோரோசிலேன் உடன்பிறப்பு.

உயிருக்குத் துணை

சிலிக்கோனுக்கு இன்னொரு பண்பும் உண்டு. நீர் அதில் ஒட்டாது. இரத்தமும் எளிதில் உறையாது. உடல் அதனைப் பெரும்பாலும் பகையாகக் கருதுவதில்லை. 1950களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற கடைசல் தொழிலாளிக்குப் பிறந்த மகனின் மூளையில் நீர் தேங்கிற்று. நீரை ஒருவழியாக மட்டும் வடியவிடும் சிறு அடைப்பிதழ் இருந்தால் இத்தகைய குழந்தைகள் பிழைப்பர் என்று மருத்துவர் கூறினர். அத்தந்தை தம் கைத்திறனால் அதை உருவாக்கினார். பல பொருள்களைச் சோதித்தபின் சிலிக்கோன் இரப்பரே உடலுக்கு ஏற்றதாய் அமைந்தது. அவ்வடைப்பிதழ் எண்ணற்ற குழந்தைகளுக்கு வாழ்வளித்தது. விழித்திரை பிரிந்தவர்களின் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெயை நிரப்பிப் பார்வையைக் காக்கும் முறை நம் நாட்டுக் கண் மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. வயிற்றுப் பொருமலுக்கு நாம் குடிக்கும் மருந்துப் புட்டியின் சீட்டைப் படித்தால் சிமெத்திகோன் என்றிருக்கும். அதுவும் கிப்பிங்கின் பசைக் குடும்பமே.

ஆனால் சிலிக்கன் சேர்மம் எல்லாம் தீங்கற்றவை என்று எண்ணிவிடலாகாது. 1960களில் சோவியத் நாட்டு அறிஞர் வொரொன்கோவ் சிலாட்ரேன் என்ற கூண்டு வடிவச் சேர்மங்களை ஆராய்ந்தார். டிரைஎத்தனாலமீன் மூன்று கைகளால் சிலிக்கனைப் பற்றிக்கொள்ள, அதன் நைட்ரஜன் உள்ளிருந்தே சிலிக்கனை நோக்கி எலக்ட்ரான் இணையை நீட்டும் விந்தையான அமைப்பு அது. அக்கூண்டின் வெளியே பென்சீன் வளையம் தொங்கினால் அது கொடிய நஞ்சு. மெத்தில் தொகுதியோ எத்தாக்சி தொகுதியோ தொங்கினால் நஞ்சுத்தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. உயிரோடு சிலிக்கனை இணைக்க முயல்வோர் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீரில் மறைந்த உலோகம்

இத்துறை இன்று சென்றடைந்துள்ள மற்றோர் இடம் உலோக அயனிகளை உணரும் கலை. குடிநீரில் ஈயம் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர நிறுவனத்தின் வரம்பு. கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஆற்றோரம் சாயப் பட்டறைகளும் ஊருக்கு ஊர் ஆழ்துளைக் கிணறுகளும் நிறைந்த நம் பகுதியில், நீரிலுள்ளது என்ன என்று அறிவது ஏட்டுக்கல்வி மட்டும் அன்று.

இங்கே சிலிக்கன் செய்யும் தொண்டு எளிமையானது. ஒருமுனையில் அமீன் தொகுதியும் மறுமுனையில் சிலிக்கனும் கொண்ட சேர்மம் ஒன்றை எடுத்துக்கொள்வர். அமீன் முனையில் சாலிசிலால்டிகைடு போன்றதை இணைத்தால் மஞ்சள் நிறமுடைய ஷிப் காரம் உண்டாகிறது. அதன் நைட்ரஜனும் ஆக்சிஜனும் நண்டின் கொடுக்குப்போல உலோக அயனியைக் கவ்வுகின்றன. கவ்விய அளவில் நிறம் மாறும்; அல்லது புறஊதா ஒளியில் அது வீசும் ஒளி மங்கும், சிலபோது மிகும். செம்பு அயனி பெரும்பாலும் ஒளியை அணைக்கிறது. துத்தநாகம் பல வேளைகளில் ஒளியைத் தூண்டுகிறது. மறுமுனையிலுள்ள சிலிக்கனோ மணற்பொருளாகிய சிலிக்காத் துகளோடு ஆக்சிஜன் பாலமிட்டு உறுதியாய் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே அத்துகள்களை நீரிலிட்டுச் சோதித்துவிட்டு வடிகட்டித் திரும்ப எடுக்கலாம். சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் சிலாட்ரேன்களையும் இவ்வாறு உலோக அயனிகளை உணரவும் நுண்ணுயிர்களை எதிர்க்கவும் பயன்படுத்தும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன.

சற்றே சிந்தியுங்கள். சிலிக்கன் ஆக்சிஜனோடு கைகோத்துக்கொண்டு விடமறுக்கும் பிடிவாதமே கிப்பிங்கின் கீட்டோன் கனவைக் கலைத்தது. அதே பிடிவாதமே இன்று உணரியைத் துகளோடு பிணைத்துக் காக்கிறது. குணம் ஒன்றே, நாம் கேட்கும் கேள்விதான் மாறிற்று.

நமக்குரிய பாடம்

இறுதியாக ஒன்று சொல்லி முடிக்கின்றேன். இக்கட்டுரை எழுதும் நானும் ஒரு வேதியியல் மாணவன்தான். ஒருநாள் செய்முறை வகுப்பில் அசிட்டனிலைடிலிருந்து பாரா புரோமோ அசிட்டனிலைடு தயாரிக்க வேண்டியிருந்தது. நண்பர்களுக்கெல்லாம் வெண்படிகம் விழுந்தது. எனக்கோ பழுப்புப் பசை. அதை யாரும் பாராமல் தொட்டியிற் கொட்டிக் கழுவினேன். பக்கத்து இருக்கை நண்பனின் உருகுநிலையைப் பார்த்து, 167 பாகை என்று என் ரெக்கார்டு நோட்டில் எழுதினேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. கிப்பிங்கின் வரலாற்றைப் படித்த அன்று அந்த 167 என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

என் பசையில் புதிய கண்டுபிடிப்பு ஏதும் இருந்திராது. புரோமினை நான் அளவு தப்பி ஊற்றியிருப்பேன். ஆனால் எங்கே தப்பினேன் என்பதை அறியும் வாய்ப்பை அப்பசையோடு சேர்த்தே கழுவிவிட்டேன். கிப்பிங் தம் பசையைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தால், ஹைடு எதைப் படித்திருப்பார்? வெற்றியை எழுதுவதற்குப் பெரிய மனம் வேண்டியதில்லை. தனக்குப் பயன்படாதது என்று தானே முடிவுகட்டிய ஒன்றையும், பிறர்க்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணங்கூட இல்லாமல், உள்ளது உள்ளவாறு எழுதிவைப்பதற்கே பெரிய மனம் வேண்டும். தம் ஆராய்ச்சியின் மதிப்பைக் கிப்பிங் தவறாகக் கணித்தார். ஆனால் தம் கண் கண்டதைத் தவறாக எழுதவில்லை. முதற் பிழையைக் காலம் திருத்திக்கொண்டது. இரண்டாவதில் பிழைத்திருந்தால் அதைத் திருத்த எவராலும் இயன்றிராது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை உங்கள் குடுவையில் படிகத்திற்குப் பதில் பசை நின்றால் நாணாதீர்கள். பசை என்றே எழுதுங்கள். எவ்வாறு வந்தது என்றும் எழுதுங்கள். மதிப்பெண் ஒன்றிரண்டு குறையலாம். ஆசிரியப் பெருமக்களும் அவ்வுண்மைக்கு ஒரு மதிப்பெண் சேர்த்து வழங்குவார்களாயின், நம் ஆய்வகத் தொட்டியில் கழுவப்படும் பொய்கள் குறையும்.